மொட்டைமாடியில் சூரியக் கடிகாரம்: நம் ஊர் வெயிலுக்குத் தகுந்தபடி வைப்பது எப்படி?

சூரியக் கடிகாரம் செய்வது சுலபம் என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறார்கள். ஒரு வட்டத் தட்டு, அதன்மேல் சாய்வாக ஒரு முக்கோணம், வடக்குப் பார்க்க ஒரு காம்பஸ், முடிந்தது வேலை. அந்தக் குறிப்புகளை நம்பி நம் ஊர் மொட்டைமாடியில் இறங்கினால் ஒன்றும் பொருந்தாது. அவை பெரும்பாலும் 40, 50 டிகிரி அட்சரேகையில் வாழ்பவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டவை. தமிழ்நாடு இருப்பது 8 முதல் பதின்மூன்றரை டிகிரிக்குள். இங்கே நண்பகல் வெயில் உச்சந்தலையில் அடிக்கிறது. கோடையில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. கையில் இருக்கிற காம்பஸும் மாடியில் நினைத்தபடி பேசுவதில்லை.

நான் இதில் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். வீட்டு மாடிக்கோ பள்ளி வளாகத்துக்கோ ஒன்று வைக்க நினைப்பவர்களுக்கு இது போதும். எகிப்து, பாபிலோன் கதையெல்லாம் வேண்டுமானால் வேறு இடத்தில் படித்துக்கொள்ளுங்கள். இங்கே வேலை மட்டும்.

1. கடையில் தயாராக விற்பதை வாங்கிவிடாதீர்கள்

இணையக் கடைகளில் 500 ரூபாயிலிருந்து பித்தளைச் சூரியக் கடிகாரங்கள் கிடைக்கின்றன. நடுவில் குட்டி காம்பஸ், மடக்கும் முக்கோணம், ஓரத்தில் ரோமன் எண்கள். மேஜையில் வைக்க அழகு. மணி பார்க்க வாங்கினால் பணம் தண்டம்.

வாங்கத்தான் போகிறேன் என்றால் 2 சோதனை. முதலாவது, சாய்ந்திருக்கும் முக்கோணத்தின் கோணம். அது உங்கள் ஊர் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். மதுரைக்கு 10 டிகிரி, சென்னைக்கு 13. கடைச் சரக்கில் அநேகமாக 40க்கு மேல் இருக்கும். இரண்டாவது, மணிக்கோடுகள். படுக்கைத் தட்டில் எல்லாக் கோடுகளும் சம இடைவெளியில் இருந்தால் அது வெறும் அலங்காரப் பொருள். கணக்குப்படி வரைந்த தட்டில் 12 மணிப் பக்கம் நெருக்கமாகவும் காலை, மாலைப் பக்கம் அகலமாகவும் இருக்கும்.

ஏற்கெனவே வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்து கொடுத்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். கோடுகள் சரியாக இருந்து, முக்கோணம் 51 டிகிரி என்றால், மதுரைக்காரர் அதன் தெற்கு ஓரத்தை 41 டிகிரி உயர்த்தி வைத்தால் சரியான நேரம் காட்டும். பார்க்கக் கொஞ்சம் கவிழ்ந்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான்.

2. உங்கள் ஊரின் எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

செல்போன் வரைபடத்தில் உங்கள் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 2 தசம எண்கள் வரும். முதலில் வருவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. மாற்றி எழுதிவிட்டால் கடைசிவரை எல்லாம் தப்பாகப் போகும். தமிழ்நாட்டில் சின்ன எண் அட்சரேகை, 76 முதல் 80 வரை வருவது தீர்க்கரேகை. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு கல் வெட்டுபவரிடமும் பள்ளியிலும் காட்ட வேண்டிவரும்.

அட்சரேகை பலகையின் சாய்வைச் சொல்கிறது. தீர்க்கரேகை, உங்கள் ஊர்ச் சூரியன் இந்திய நேரத்துக்கு எவ்வளவு பின்தங்கியது என்று சொல்கிறது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குக் கணித்தது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். 82.5இலிருந்து உங்கள் தீர்க்கரேகையைக் கழித்து 4ஆல் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும். இதை ஊர்த் திருத்தம் என்று வைத்துக்கொள்வோம்.

சென்னை: 13.08, 80.27. திருத்தம் 9 நிமிடம்.
தஞ்சாவூர்: 10.79, 79.14. திருத்தம் 13 நிமிடம்.
திருச்சி: 10.79, 78.70. திருத்தம் 15 நிமிடம்.
மதுரை: 9.92, 78.12. திருத்தம் பதினேழரை நிமிடம்.
திருநெல்வேலி: 8.73, 77.70. திருத்தம் 19 நிமிடம்.
கோவை: 11.02, 76.96. திருத்தம் 22 நிமிடம்.

யாழ்ப்பாணத்துக்கும் இதே கணக்குதான், இலங்கையும் அதே நேரத்தைத்தான் பின்பற்றுகிறது. அங்கே 9.67, 80.02, திருத்தம் 10 நிமிடம். சிங்கப்பூர்க்காரர்கள் 82.5க்குப் பதில் 120 டிகிரியிலிருந்து கழிக்க வேண்டும். அவர்களுக்குத் திருத்தம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

3. இடம், அனுமதி, தாள்கள்

காலை 7 முதல் மாலை 5 வரை நிழல் விழாத இடம் வேண்டும். தென்னை மரம், பக்கத்து வீட்டு மூன்றாவது மாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் கவனியுங்கள். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஜனவரியில் தெற்கே சாய்ந்து போகும் சூரியன் ஜூனில் வடக்கே போகும். இன்றைக்கு வெயில் படுகிற மூலை 6 மாதம் கழித்து மாடிப்படிக் கூண்டின் நிழலில் மாட்டிக்கொள்ளலாம்.

சொந்த வீடு என்றால் அனுமதி என்று ஒன்றும் வேண்டாம். அடுக்ககம் என்றால் மொட்டைமாடி பொதுவிடம், சங்கத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கடிதத்தில் 3 விஷயம் இருந்தால் போதும்: அளவு, எடை, தரையில் துளை போட மாட்டோம் என்ற உறுதி. மூன்றாவதுதான் முக்கியம். நாளைக்கு மேல்மாடி வீட்டில் ஒழுகினால், உங்கள் கடிகாரத்தைத்தான் முதலில் சொல்வார்கள். வாய்வார்த்தையாகச் சரி என்றவர் அடுத்த கூட்டத்தில் அப்படிச் சொல்லவில்லை என்பார். ஆகவே கையெழுத்தும் தேதியும் கட்டாயம்.

அரசுப் பள்ளியில் வைப்பதாக இருந்தால் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம், கூடவே ஒரு பக்க வரைபடம், செலவை யார் ஏற்கிறார்கள் என்ற குறிப்பு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் மாறினாலும் கடிகாரம் அங்கேயே இருக்கும். கல்லுக்கும் கூலிக்கும் ரசீது வாங்கிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

4. எந்த வகை? இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள்

படங்களில் பார்க்கும் வகை படுக்கைத் தட்டு. நம் அட்சரேகையில் அதன் நிலைமையைப் பாருங்கள். சென்னைக்குக் கணக்குப் போட்டால், 12 மணிக்கோட்டுக்கும் 1 மணிக்கோட்டுக்கும் நடுவே மூன்றரை டிகிரிதான். 4க்கும் 5க்கும் நடுவே 19 டிகிரி. மதுரையில் முதல் இடைவெளி இரண்டரை டிகிரிக்குச் சற்று மேல். காலை 10 முதல் பிற்பகல் 2 வரை எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கும். கன்னியாகுமரிப் பக்கம் போகப் போக இன்னும் மோசம்.

சுவரில் வைக்கும் வகையும் உண்டு. கும்பகோணம் பக்கம் போனால் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் சுவரில் ஒன்றைப் பார்க்கலாம். ஆனால் வீட்டுத் தென்சுவரில் நாமே வைத்தால், சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகலில் அந்தச் சுவரில் வெயிலே படாது.

நம் ஊருக்குக் கச்சிதமானது துருவப் பலகை. செவ்வகமான ஒரு பலகை, அதன் வடக்கு ஓரம் உங்கள் அட்சரேகை அளவுக்கு மட்டும் உயர்ந்திருக்கும். நடுவில் தெற்கு வடக்காக ஒரு தகடு செங்குத்தாக நிற்கும், இதுதான் நிழல்கோல். அதன் மேல்விளிம்பு பலகைக்கு இணையாக இருப்பதால் நிழலின் ஓரமும் நேர்கோடாக விழும். மணிக்கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையான நேர்கோடுகள். குளிர் நாடுகளில் இந்தப் பலகையை 50 டிகிரி நிமிர்த்த வேண்டும். நமக்கு 10 டிகிரி சாய்வு, ஏறக்குறைய படுத்தேதான் இருக்கும். கோடை, குளிர் என்று வருஷம் முழுக்க ஒரே பக்கம் வேலை செய்யும்.

ஒரே குறை, காலை 6 மணியையும் மாலை 6 மணியையும் இதில் காட்ட முடியாது. நிழல் எல்லையில்லாமல் நீண்டுவிடும். 7 முதல் 5 வரை என்று திருப்தி அடையுங்கள்.

5. முதலில் அட்டையில் ஒன்று செய்யுங்கள்

நேராகக் கல்லுக்குப் போகாதீர்கள். 40 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள ஃபோம் அட்டை, அதே அட்டையில் நிழல்கோலுக்கு 20 செ.மீ. நீளமும் 5 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பட்டை. எல்லாம் சேர்த்து 150 ரூபாய்க்குள் முடியும்.

40 செ.மீ. பக்கம் கிழக்கு மேற்காக வரும். நிழல்கோலை நடுவில் தெற்கு வடக்காக நிறுத்துங்கள். அதன் இரண்டு பக்கமும், கோலின் முகத்திலிருந்து இந்தத் தூரங்களில் கோடு போடுங்கள்.

11 மணியும் 1 மணியும்: 1.34 செ.மீ.
10 மணியும் 2 மணியும்: 2.89 செ.மீ.
9 மணியும் 3 மணியும்: 5.00 செ.மீ.
8 மணியும் 4 மணியும்: 8.66 செ.மீ.
7 மணியும் 5 மணியும்: 18.66 செ.மீ.

அரை மணிக்கோடுகள் வேண்டுமானால் நடுவிலிருந்து வெளியே 0.66, 2.07, 3.84, 6.52, 12.07. இவை எல்லாம் 5 செ.மீ. உயரக் கோலுக்கு, எந்த ஊருக்கும் இதே எண்கள்தான். பள்ளிக்கு 10 செ.மீ. கோல் வைத்தால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள், பலகை 80க்கு 40 ஆகும்.

காலை மணிகள் மேற்குப் பக்கம், மாலை மணிகள் கிழக்குப் பக்கம். காலையில் சூரியன் கிழக்கே இருக்கும்போது நிழல் மேற்கே விழுகிறது அல்லவா? எழுதும்போது கை தானாக எதிர்ப்பக்கம் போகும், கவனம். கோலின் தடிமனையும் மறக்காதீர்கள். மேற்குக் கோடுகளைக் கோலின் மேற்கு முகத்திலிருந்தும், கிழக்குக் கோடுகளைக் கிழக்கு முகத்திலிருந்தும் அளக்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் அளந்தால் தடிமனில் பாதி கணக்கில் விட்டுப்போகும்.

6. காம்பஸை எவ்வளவு நம்பலாம்?

காம்பஸுக்கு ஒரு வசீகரம் உண்டு. முள் ஆடி ஆடி நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் மொட்டைமாடி அதற்கு ஆகாத இடம். தளத்துக்குள் கம்பி, கைப்பிடிச் சுவரில் கம்பி, ஏசி வெளிப்பெட்டி, மோட்டார், இரும்பு ஸ்டாண்டு. கையில் காம்பஸைப் பிடித்துக்கொண்டு இடுப்பு உயரத்தில் ஒரு தடவை பாருங்கள். அப்படியே குனிந்து தரையில் வையுங்கள். முள் நகர்ந்தால் கீழே கம்பி இழுக்கிறது என்று அர்த்தம். பீம் ஓடும் இடத்தைக் கடக்கும்போது முள் ஒரு பக்கம் தலையைத் திருப்பி, தாண்டியதும் பழையபடி திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

செல்போன் காம்பஸ் இதைவிட மோசம். கவரில் காந்தப் பட்டன் இருந்தால் சுத்தமாகக் கெட்டது. கவரைக் கழற்றி, போனைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றிச் சரிசெய்த பிறகும் 5, 10 டிகிரி பிசகுவது சகஜம். 10 டிகிரி தவறினால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தேன். சென்னையில் டிசம்பர் நண்பகலில் கடிகாரம் 26 நிமிடம் தப்பாகக் காட்டும்!

வெளிநாட்டுக் காம்பஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் காந்த முள்ளின் வடக்கு முனை தரையை நோக்கி இழுபடும். அதைச் சமன்செய்யத் தெற்கு முனையில் கொஞ்சம் எடை கூட்டியிருப்பார்கள். தென் தமிழ்நாட்டை ஒட்டித்தான் காந்த நடுக்கோடே போகிறது, இங்கே அந்த இழுப்பு கிட்டத்தட்ட இல்லை. அதனால் அந்தக் காம்பஸின் தெற்கு முனை தொங்கி, சில சமயம் அடித்தட்டில் உரசி நின்றுவிடும். முள் மட்டமாக மிதக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் காம்பஸ் காட்டுவது காந்த வடக்கு. தமிழ்நாட்டில் அது மெய் வடக்கிலிருந்து சுமார் 1 முதல் 2 டிகிரி மேற்கே தள்ளியிருக்கிறது. மெய் வடக்கு வேண்டுமானால் முள் காட்டும் திசைக்குச் சற்று வலப்பக்கம் போக வேண்டும். அந்த 2 டிகிரியை விட்டுவிட்டால் டிசம்பரில் 5 நிமிடம் போகும்.

ஆக, இடம் தேடும்போது உத்தேசமாக வடக்குப் பார்க்கக் காம்பஸ் போதும். பலகையைப் பதிக்கும்போது அதை நம்ப வேண்டாம். இதற்காக விலையுயர்ந்த காம்பஸ் வாங்குவதும் வீண்.

7. வடக்கைச் சூரியனிடமே கேளுங்கள்

கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு (நிழல் பார்க்க நடும் முளைக்குச்சி) நட்டுத் திசை பார்க்கும் முறைதான் இது. காந்தமும் வேண்டாம், கைக்கடிகாரமும் வேண்டாம்.

60 செ.மீ. சதுர பிளைவுட் ஒன்றை மாடியில் வைத்து, ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் மட்டம் பாருங்கள். நடுவில் 15 செ.மீ. உயரத்தில் ஒரு கூர்முனைக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதை மையமாக வைத்து 12, 15, 18, 21 செ.மீ. ஆரத்தில் 4 வட்டம். காலை எட்டரை மணிக்கே தயாராக உட்கார்ந்துவிடுங்கள். நிழலின் நுனி வெளியிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து ஒவ்வொரு வட்டத்தையும் தொடும், தொட்ட இடத்தில் புள்ளி. பிற்பகலில் அதே நுனி நீண்டு வெளியே போகும்போது மறுபடி தொடும், அங்கேயும் புள்ளி. ஒரே வட்டத்தின் 2 புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாக மூலமட்டம் வைத்துப் போட்டால் வடக்கு தெற்கு.

4 வட்டம் எதற்கு? பிற்பகலில் சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வரும். ஒன்று போனாலும் மற்றவை கைகொடுக்கும். 4 கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் வேலை சுத்தம். இணையாக இல்லை என்றால் நடுவில் யாரோ பலகையைத் தட்டியிருக்கிறார்கள். குழந்தைகள் உள்ள வீடு என்றால் அன்றைக்கு மாடிக் கதவைப் பூட்டிவிடுங்கள்.

நாள் முழுக்க உட்கார முடியாதவர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். காற்றில் ஆடாமல் இருக்கக் குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கிவிடலாம். உங்கள் ஊரின் மெய்யான நண்பகல் நேரத்தில், அதாவது சூரியன் சரியாக வடக்கு தெற்குக் கோட்டைக் கடக்கும் நேரத்தில், அந்த நூலின் நிழல் எங்கே விழுகிறதோ அதுதான் வடக்கு தெற்கு. மதுரையில் ஜனவரி 15 அன்று அந்த நேரம் 12 மணி 27 நிமிடம். மற்ற நாளுக்கும் ஊருக்கும் கணக்கிடும் முறை 10ஆம் படியில் இருக்கிறது. இந்த வழியில் 1 நிமிடம் தவறினால் கோடு அரை டிகிரி திரும்பிவிடும், செல்போன் நேரத்தை நொடிவரை பாருங்கள்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். தை, மாசிதான் இதற்குச் சிறந்தது. வானம் தெளிவு, நண்பகல் நிழலும் நீளம். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18ஐ ஒட்டிய நாட்களில் நண்பகலில் நிழலே இருக்காது. அந்தச் சமயத்தில் குறுக்குவழியைத் தொடவே வேண்டாம். அந்த 2 தேதிகளுக்கும் நடுவே நண்பகல் நிழல் தெற்கே விழும். நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும் என்று மனப்பாடம் செய்தவர்கள் மே மாதத்தில் பலகையைத் தலைகீழாக வைத்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை உங்களை மாடிக்கே விடாது.

8. நிரந்தரப் பலகை: பொருளும் செலவும்

கிரானைட் பெயர்ப்பலகை செய்யும் கடைக்குப் போனால் கறுப்புப் பளபளப்புக் கல்லைத்தான் முதலில் காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். கறுப்பில் நிழல் தெரியாது, பளபளப்பில் வெயில் கண்ணைக் கூசும். வெளிர் சாம்பல் நிறத்தில், பாலிஷ் போடாத கல் கேளுங்கள். சமையலறை மேடைக்கு வெட்டி மிஞ்சிய துண்டே போதும். 2 செ.மீ. தடிமனில் 4 கிலோவுக்குச் சற்று மேல் வரும். எவர்சில்வர் தகட்டில் செய்தாலும் மேட் பூச்சுதான் எடுக்க வேண்டும்.

வரைபடத்தை அசல் அளவில் ஏ3 தாளில் எடுத்துக் கொடுங்கள். பிரிண்ட் கடையில் தாளுக்குப் பொருந்துமாறு என்ற தேர்வு தானாக விழுந்திருக்கும், எல்லாக் கோடும் கொஞ்சம் சுருங்கிவிடும். வரைபடத்தின் ஓரத்தில் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டுவைத்து, தாள் கையில் வந்ததும் அளவுகோலால் அளந்து பாருங்கள். கல் வெட்டுபவர் அங்குலத்தில் பழகியவராக இருப்பார். அளவு எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதி, எந்தப் பக்கம் வடக்கு என்று பெரிதாகக் குறித்து, அதன் நகலில் அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டியபின் கல்லைத் திருத்த முடியாது.

நிழல்கோலுக்கு 3 மி.மீ. எவர்சில்வர் தகடு. கல்லில் காடி எடுத்து அதில் கோலைச் செருகுவதாக இருந்தால், உள்ளே போகும் ஆழத்தையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். கல்லின் மேற்பரப்பிலிருந்து 5 செ.மீ. தெரிய வேண்டும். 2 மி.மீ. குறைந்தாலும் 9 மணிக்கோட்டில் 5 நிமிடம் பிசகும்.

நான் விசாரித்த கடைகளில் விலை ஏறக்குறைய இப்படி இருந்தது. கல் துண்டும் ஓரம் வெட்டும் கூலியும் 300 முதல் 500 ரூபாய். கோடும் எண்ணும் வெட்ட 800 முதல் 1,500. எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள், அதனால் பொன்மொழி எல்லாம் வெட்டாமல் இருந்தால் மிச்சம். நிழல்கோலை லேசரில் வெட்ட 300 முதல் 600, தகடு சின்னதாக இருந்தாலும் குறைந்தபட்சக் கூலி ஒன்று வைத்திருப்பார்கள். எபாக்சி பசை 200. கொத்தனார் அரை நாள் கூலி தனி. மொத்தம் 2,500 முதல் 4,000க்குள் முடித்துவிடலாம். ஊருக்கு ஊர் மாறும், 2 கடையிலாவது கேளுங்கள். கல் வெட்டிக் கிடைக்க ஒன்று, இரண்டு வாரம் சொல்வார்கள். முகூர்த்த மாதம் என்றால் இன்னும் இழுக்கும்.

9. பதிப்பது

மாடித் தரையில் துளை போடாதீர்கள். நீர்க்கசிவுப் பூச்சு போய்விடும். செங்கல் வைத்துப் பூசிய தனி மேடை போதும், அதன் எடையிலேயே நிற்கும். மேடையை ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டபின் பலகையை ஏற்றுங்கள்.

மாடித்தளம் மழைநீர் ஓட வாட்டம் கொடுத்துக் கட்டியது என்பதை ஞாபகத்தில் வையுங்கள். கண்ணுக்கு மட்டமாகத் தெரியும், மட்டமாக இருக்காது. கிழக்கு மேற்காக 1 டிகிரி சாய்ந்திருந்தால் நாள் முழுக்க 4 நிமிடம் தவறு. 40 செ.மீ. பலகையில் 1 டிகிரி என்பது ஒரு ஓரம் 7 மி.மீ. உயர்வது, அவ்வளவுதான். ரசமட்டத்தை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, அதையே முன்பின் திருப்பி வைத்து மறுபடியும் பாருங்கள். குமிழி 2 தடவையும் நட்டநடுவில் நின்றால்தான் மட்டமும் சரி, ரசமட்டமும் சரி.

அடுத்தது தெற்கு வடக்குச் சாய்வு. 20 செ.மீ. அகலப் பலகைக்கு வடக்கு ஓரத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்றால், சென்னையில் 4.5 செ.மீ., கோவையில் 3.8, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் 3.7, மதுரையில் 3.45, யாழ்ப்பாணத்தில் 3.4, திருநெல்வேலியில் 3. இதில் அரை டிகிரி முன்பின் ஆனாலும் பெரிய பாதகம் இல்லை. கொத்தனார் கிழக்கு மேற்கை விட்டுவிட்டு இந்தச் சாய்வில் நேரத்தைப் போக்குவார், நீங்கள் கூடவே நின்று கொள்ளுங்கள்.

7ஆம் படியில் போட்ட வடக்குக் கோட்டை மேடைவரை நூல் பிடித்து நீட்டி, நிழல்கோலை அதற்கு இணையாக வையுங்கள். பசை போடுமுன் ஒரு நாள் முழுக்கச் சும்மா வைத்துப் பாருங்கள். அன்றைக்கு எல்லாம் சரியாக வந்தபின் பசை.

10. கைக்கடிகாரத்தோடு ஒப்பிடும் முறை

வந்து பார்ப்பவர் எல்லோரும் தவறாமல் கேட்பது, இது லேட்டாகக் காட்டுகிறதே என்பதுதான். கெட்டுப்போகவில்லை. ஊர்த் திருத்தம் ஒன்று, சூரியனின் வேகம் வருஷம் முழுக்க ஒரே சீராக இல்லாததால் வரும் மாதத் திருத்தம் ஒன்று, இரண்டையும் சேர்த்தால்தான் இந்திய நேரம் வரும்.

ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்கு நிமிடக் கணக்கு இது. ஜனவரி: 9 கூட்டு. பிப்ரவரி: 14 கூட்டு. மார்ச்: 9 கூட்டு. ஏப்ரல்: 0. மே: 4 கழி. ஜூன்: 0. ஜூலை: 6 கூட்டு. ஆகஸ்ட்: 4 கூட்டு. செப்டம்பர்: 5 கழி. அக்டோபர்: 14 கழி. நவம்பர்: 15 கழி. டிசம்பர்: 5 கழி. நடுவில் வரும் தேதிகளுக்கு உத்தேசமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கோவையில் பிப்ரவரி நடுவில் நிழல் 12ஐக் காட்டினால், 22ம் 14ம் கூட்டி 12 மணி 36 நிமிடம். அதே கோவையில் நவம்பர் நடுவில் 22ஐக் கூட்டி 15ஐக் கழித்து 12 மணி 7 நிமிடம். நண்பகல் நேரம் கண்டுபிடிப்பதும் இதே கணக்குதான். உங்கள் ஊருக்கு 12 மாதத்துக்கும் கூட்டிக் கழித்த விடையை ஒரு சின்னத் தகட்டில் எழுதிப் பலகை ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். 2 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் திருப்தி அடையுங்கள். சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டம். நிழலின் ஓரம் அந்த அளவுக்கு மங்கலாகத்தான் இருக்கும்.

11. தவறாகக் காட்டினால் எங்கே பார்ப்பது?

திருத்தம் போட்ட பிறகும் நேரம் ஒத்துவரவில்லை என்றால், ஒரே நாளில் காலை 9, நண்பகல், மாலை 3 என்று 3 தடவை குறித்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு தவறு என்றால் முதலில் கிழக்கு மேற்கு மட்டத்தைச் சந்தேகியுங்கள். காலையில் முந்தியும் மாலையில் பிந்தியும் காட்டி, நண்பகலில் மட்டும் சரியாக இருந்தால் நிழல்கோல் உயரம் குறைவு. டிசம்பரில் நிறையத் தவறி, ஜூனில் கொஞ்சம் எதிர்ப்பக்கம் தவறினால் வடக்குக் கோடு திரும்பியிருக்கிறது. அதனால்தான் ஒரு வருஷம் ஆகும்வரை பசையைக் கொஞ்சமாகப் போடுங்கள் என்கிறேன். நாலு மூலையில் மட்டும் வைத்தால் பிறகு பெயர்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

கோடுகளில் கறுப்பு எனாமல் பெயிண்ட் நிரப்பினால் தூரத்திலிருந்தே தெரியும். ஒன்றிரண்டு வருஷத்தில் வெளுக்கும், ஒரு சின்ன டப்பா வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிழல்கோலின் மேல்முனைகளை அரம் வைத்து மழுங்கவிடுங்கள். கண் உயரத்துக்கு ஓடிவரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீளவிளிம்பை மட்டும் தொடாதீர்கள், மணி காட்டுவது அதுதான்.